யார் பொறுப்பிலும் இல்லாத ஸ்கிரிப்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் மோட்டார் எரிந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மோட்டாருக்கு நம்பர் உண்டு. ஹிஸ்டரி கார்டு உண்டு. பேரிங் எப்போது மாற்றினோம், காயில் எப்போது கட்டினோம் என்று பதிவேடு உண்டு. ராத்திரி இரண்டு மணியானாலும் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஷிஃப்ட் இன்சார்ஜ் என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். அதே மில்லின் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில், திரைக்குப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று நின்றுபோனால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்கு நம்பர் இல்லை, கார்டு இல்லை. எழுதியவர் யார், எந்த வருடம் எழுதினார், ஏன் அப்படி எழுதினார் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. "சார், ஹீட் ரிப்போர்ட் வரமாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாச்சு சார்" என்று ஷிஃப்டில் இருக்கும் பையன் போன் செய்வான். அவன்மேல் எனக்குக் கோபமே வராது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதைத் தவிர வேறு எந்த வழியையும் அவனுக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. கோபமெல்லாம் விட்டுவைக்காதவர்கள்மேல்தான்.

இந்தப் பக்கத்தில் ஆட்டோமேஷன் வேலை பார்ப்பவன் நான். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, கவரைப்பேட்டை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் எஸ்டேட் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறேன். போகிற இடத்தில் எல்லாம் ஒரே கதை. ஒரு மொழியில் எழுதிய பெரிய மென்பொருளுக்குள் இன்னொரு சின்ன மொழியைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன மொழியில் யாரோ ஒருவர் ஐம்பது வரியோ நூறு வரியோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆலையின் உண்மையான கணக்கு முழுக்க அந்த வரிகளில் இருக்கிறது. அவரோ இப்போது துபாயில் இருக்கிறார், அல்லது வேறு வேலைக்குப் போய்விட்டார், அல்லது அவர் வேலை பார்த்த நிறுவனமே இல்லை.

ஸ்காடா மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். மெஷின்களை இயக்கும் பி.எல்.சி.யிடமிருந்து வெப்பநிலை, அழுத்தம், கரண்ட் எல்லாவற்றையும் வாங்கித் திரையில் காட்டுவதும், சேமித்து வைப்பதும், எல்லை மீறினால் அலாரம் அடிப்பதும் அதன் வேலை. பெரும்பாலும் சி, சி பிளஸ் பிளஸ் போன்ற வேகமான மொழிகளில், ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ அதை எழுதியிருப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் இன்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்திருப்பவர் ஒரு ஹீட், அதாவது ஒரு தடவை உருக்குவது, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை எப்படிக் கணக்கு வைக்கிறார், ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க எத்தனை யூனிட் ஆனது என்று காலையில் முதல் வேலையாக ஏன் கேட்கிறார், பீக் அவரில் ஓடிய யூனிட்டைத் தனியாகக் காட்டச் சொல்வது எதற்கு என்பதெல்லாம் அங்கே இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் மென்பொருளுக்குள் ஒரு இன்டர்பிரெட்டரை வைத்து, உங்கள் ஆலையின் விதிகளை இங்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று இடம் விடுகிறார்கள். பட்டனை அழுத்தினாலோ, ஒரு டேக்கின், அதாவது பெயரிட்ட ஒரு அளவீட்டின், மதிப்பு மாறினாலோ, காலை ஆறு மணி ஆனாலோ அந்த வரிகள் ஓடும். மூல மென்பொருளைத் திறக்க வேண்டாம், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். ஆலைக்குத் தகுந்தபடி அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

அருமையான ஏற்பாடு. யோசித்தவர்கள் பெரிய மனிதர்கள். ஆட்டோகேட் 1986-லேயே ஆட்டோலிஸ்ப்பை உள்ளே வைத்துக் கொடுத்தது. டிராயிங் ஆபீஸில் தினமும் நூறு தடவை செய்கிற வேலையை ஒரு கட்டளையாகச் சுருக்கிக்கொள்ளும் வசதி அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த ஜான் ஆஸ்டர்ஹவுட், தன் குழு செய்த சிப் வடிவமைப்புக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அரைகுறைக் கட்டளைமொழி முளைத்திருப்பதைப் பார்த்து நொந்துபோய், எல்லாவற்றுக்குள்ளும் வைக்கத் தகுந்த ஒரே மொழியாக 1988-இல் டிக்கிளை எழுத ஆரம்பித்தார். இன்றைக்கும் சிப் வடிவமைக்கிற பெரிய மென்பொருட்களிடம் அந்த மொழியில்தான் பேச வேண்டும்.

இன்னும் எனக்குப் பிடித்தது லுவாவின் கதை. பிரேசிலில் அப்போது வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் சரக்குகளுக்குப் பலத்த கட்டுப்பாடு. அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸுக்கு, தன் பொறியாளர்களே விதிகளை எழுதிக்கொள்ளும்படியான மென்பொருள் தேவைப்பட்டது. ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்டோ யெருசாலிம்ஸ்கி, வால்டெமார் செலெஸ், லூயிஸ் என்ரிக் டி ஃபிகெய்ரெடோ மூவரும் 1993-இல் அதற்காக ஒரு மொழியைச் செய்தார்கள். சுத்தமான சி மொழியில் எழுதியது, சில நூறு கிலோபைட்தான். எந்தப் பெரிய நிரலுக்குள்ளும் அப்படியே சேர்த்துக் கட்டிவிடலாம். கணினி விளையாட்டுகள், ரெடிஸ் தரவுத்தளம், நம் தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்கள் வரை இன்று அது உள்ளே இருந்து உழைக்கிறது. அந்த மொழியின் மூலநிரலே நம் நிரலோடு சேர்ந்துவிடுவதால், நாளைக்கு ரியோவில் வேலையை நிறுத்திவிட்டாலும் நம்மிடம் இருப்பது ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்து ஆலைகளுக்கு வாய்த்தது வேறு. 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோடு வந்தது வி.பி.ஸ்கிரிப்ட். விண்டோஸிலேயே இலவசமாக இருந்தது, கற்றுக்கொள்ள எளிது. அதனால் ஸ்காடா செய்தவர்களில் பலர் தாங்களாக ஒரு மொழியைச் சுமக்காமல், விண்டோஸில் இருக்கும் அந்த இன்டர்பிரெட்டரைக் கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். சீமென்ஸின் வின்சிசியில் சி, வி.பி.ஸ்கிரிப்ட் இரண்டிலும் எழுதலாம். ஐஃபிக்ஸ் என்ற ஸ்காடாவோ எக்செலில் இருக்கிற அதே வி.பி.ஏ.வை உரிமம் வாங்கி உள்ளே வைத்தது. அடுத்தவர் மனையில் கட்டிய வீடு மாதிரிதான் இதெல்லாம். சுவர் நம்முடையது, தரை நம்முடையது இல்லை.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸும் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் வி.பி.ஸ்கிரிப்ட்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024 மே மாதம் கட்டங்களையும் சொன்னது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது தனியே கழற்றக்கூடிய ஒரு பகுதியாக, ஆனால் இயங்கும் நிலையில் இருக்கும். 2027 வாக்கில் தானாக இயங்காது, தேவைப்படுகிறவர்கள் அவர்களாகப் போய் இயக்கிக்கொள்ள வேண்டும். பிறகொரு பதிப்பில் கோப்புகளே இருக்காது. இதற்கு முன்பே ஒரு மணி அடித்திருந்தது: 2007 ஜூலையிலிருந்து வி.பி.ஏ.வைத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்து விற்கப் புதிய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பதை அதே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய பெட்டி பழுதானால் வாங்கும் புதுப்பெட்டி விண்டோஸ் 11-ஓடுதான் வரும். இதையெல்லாம் கும்மிடிப்பூண்டியில் ஆலை நடத்துபவரிடம் யார் சொன்னார்கள்? ஸ்காடா விற்றவர் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மட்டும் தவறாமல் மெயில் போடுகிறார். உங்கள் மென்பொருளுக்குள் எத்தனை ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதில் எது விண்டோஸை நம்பி நிற்கிறது என்று ஒரு வரி எழுதிய விற்பனையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மொழி சாவது ஒரு பக்கம். உயிரோடு இருக்கும்போதே அதை எழுதிவைத்திருக்கும் லட்சணம் இன்னொரு பக்கம். வி.பி.ஸ்கிரிப்ட்டில் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி உண்டு. பிழை வந்தால் சொல்லாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். நான் திறந்து பார்க்கிற ஸ்கிரிப்ட்டுகளில் முக்கால்வாசி இந்த வரியோடுதான் தொடங்குகின்றன. ஆலையை ஒப்படைக்கும் நாளில் திரையில் பிழைச்செய்தி எதுவும் வரக் கூடாது என்பதற்காகப் போட்டது, அப்படியே தங்கிவிட்டது. இதன் விளைவு என்ன தெரியுமா? ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து கார்பன் அளவை வாங்கும் வரி ஒருநாள் தவறிப்போகிறது. ஸ்கிரிப்ட் நிற்காது, கத்தாது. அந்த இடத்தில் முந்தைய ஹீட்டின் கார்பன் அளவு அப்படியே கிடக்கும். அடுத்த வரி அதை எடுத்துப் புது ஹீட்டின் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடும். அந்த பில்லட் கம்பியாகி, எங்கோ ஒரு வீட்டின் தூணுக்குள் போகும். லேபில் இருக்கிற பெண் ஒருவர் இரண்டு ஹீட்டுக்கு எல்லா எண்ணும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுக் கேட்டதால் ஓரிடத்தில் இது பிடிபட்டது. அவர் கேட்டிருக்காவிட்டால்?

இன்னொரு ஆலையில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். ஸ்காடாவைப் பழையபடியே ஏற்றிவிட்டார்கள், எல்லாம் ஓடியது. ஒரு மாதம் கழித்து மாதாந்திர ரிப்போர்ட்டில் முதல் பன்னிரண்டு நாள் கணக்கை ஏறக்குறைய முழுக்கக் காணோம். புதுப்பெட்டியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. ஸ்கிரிப்ட்டோ தேதியை எழுத்தாக வாங்கி, விண்டோஸின் அமைப்பைப் பார்த்துத் தேதியாக மாற்றுவது. மார்ச் 5-ஆம் தேதி ஹீட் மே 3-ஆம் தேதிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. இதில் கொடுமை, 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் சரியாக வரும். 13-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் அந்த மொழியே நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுப் புரிந்துகொள்ளும். பாதி மாதம் சரி, பாதி மாதம் தப்பு என்றால் எங்கே தேடுவது? பி.எல்.சி.யைச் சந்தேகப்பட்டார்கள், நெட்வொர்க் கேபிளை மாற்றினார்கள், ஆபரேட்டரைத் திட்டினார்கள். அந்த ஆபரேட்டர் பீகாரிலிருந்து வந்து இங்கே குடும்பத்தை வைத்திருப்பவர். எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். இந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு, ஃபர்னஸ் வெக்கையில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய ஆலைகளுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. காக்களூரில் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குப் போனால் அங்கே டாலி. பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள், நாட்டில் பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது என்று சொல்லும்படி பரவியிருக்கிறது. அதற்குள்ளும் ஒரு மொழி இருக்கிறது, டிடிஎல். இன்வாய்ஸில் டெலிவரி சலான் நம்பர் வர வேண்டும், வாடிக்கையாளர் கொடுத்த கச்சாப்பொருள் எவ்வளவு, திருப்பியது எவ்வளவு என்று ஒரு கட்டம் வர வேண்டும் என்றால் டிடிஎல்லில் எழுதிக்கொள்ளலாம். நம் நாட்டில் செய்த மென்பொருளில், பட்டறைக்காரர் தேவைக்கு வளைந்துகொடுக்கும்படி இப்படி ஒரு மொழியை வைத்தது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் நடப்பது என்ன? எழுதிக்கொடுக்கிறவர் கம்பைல் செய்த கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறார், மூலநிரல் அவருடைய லேப்டாப்பில். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2018-இல் இ-வே பில் வந்தது, 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. ஒவ்வொரு தடவையும் பழைய கோப்பு முரண்டு பிடித்தது, ஒவ்வொரு தடவையும் எழுதியவரைத் தேடி ஓடினார்கள். "அவரு நம்பர் மாத்திட்டாரு சார், நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு பட்டறை அம்மா கோப்பைக் காட்டுகிறார். கம்பைல் செய்ததைத் திறந்து நான் என்ன படிக்க? காசு கொடுத்து எழுதிவாங்கியவர் அவர். அவருடைய விதி, அவருடைய கணக்கு. அதைப் படிக்கிற உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

சி.என்.சி. மெஷின்களிலும் இதுதான். ஃபானக் கன்ட்ரோலுக்குள் மேக்ரோ எழுதலாம். 500-இல் தொடங்கும் மாறிகளில் போட்டுவைத்த எண்கள் கரண்ட் போனாலும் அழியாது. அழியாமல் காப்பது ஒரு பேட்டரி. பேட்டரியை மாற்ற மறந்து, மேக்ரோவும் எண்களும் சேர்ந்து போன பட்டறைகள் இருக்கின்றன. ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்திருந்தால் போதும்.

மொழியைச் சொந்தமாக உள்ளே வைத்துக்கொண்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இக்னிஷன் என்ற ஸ்காடா ஜாவாவில் எழுதப்பட்டது. உள்ளே இருப்பது ஜைத்தான், அதாவது ஜாவாவில் ஓடும் பைத்தான். அது பைத்தான் 2.7-ஐ ஒட்டியது. பைத்தான் 2-ஐ அதை உருவாக்கியவர்களே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். கல்லூரியில் பைத்தான் 3 படித்துவிட்டு ஆசையோடு வேலைக்கு வருகிற பிள்ளைகள், படித்தபடியே எழுதினால் எர்ரர் வருகிறது என்று திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் படித்ததில் தப்பில்லை. வெளியே மொழி ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க, உள்ளே பதித்த மொழி அதே இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. ஒரு நிரலின் உள்ளே இருந்து எழுதுவது தனி வேலை. எந்த டேக்கைத் தொடலாம், எவ்வளவு நேரம் ஓடலாம், ஒரு ஸ்கிரிப்ட் எக்செலைத் திறந்து காத்திருந்தால் பின்னால் வரிசையில் நிற்கும் மற்றவை என்ன ஆகும், இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் லேடர் லாஜிக் சொல்லித்தருகிறார்கள், நல்லது. இதற்கும் ஒரு பருவத்தில் நாலு வகுப்பு ஒதுக்கினால் இந்தப் பிள்ளைகள் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்கள்!

ஆனால் வேர் படிப்பில் இல்லை, பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது. பேனல் இத்தனை, பி.எல்.சி. இத்தனை, கேபிள் இத்தனை மீட்டர் என்று மீட்டர் கணக்கில் எழுதுகிற அதே ஆர்டரில், ஸ்கிரிப்ட் என்ற சொல்லே இருக்காது. 'இன்ஸ்டலேஷன் அண்ட் கமிஷனிங், லம்ப்சம்' என்ற ஒற்றை வரியில் அதுவும் அடக்கம். தனியாக விலை போடாததைத் தனியாக ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. கமிஷனிங்குக்கு வரும் இளைஞர் கடைசி மூன்று ராத்திரி தூங்காமல், ஷிஃப்ட் இன்சார்ஜ் வாயால் சொல்லச் சொல்ல அங்கேயே உட்கார்ந்து எழுதுகிறார். 'ஹீட் முடிந்தது என்பது டில்டிங் ஆரம்பித்த நேரமா, பவர் ஆஃப் ஆன நேரமா?' என்று ஒரு பெரிய விவாதம் நடந்து, ஒரு முடிவு எடுத்து, அது ஒரு 'இஃப்' வரியாக உள்ளே போகும். அந்த விவாதம் எங்கும் பதிவாகாது. பத்து வருடம் கழித்து யூனிட் கணக்கு ஏன் மின்வாரிய மீட்டரோடு ஒத்துப்போகவில்லை என்று மேலிடம் கேட்கும்போது, அந்த 'இஃப்' வரியைப் பார்த்து நாங்கள் ஊகம் செய்துகொண்டிருப்போம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினையெல்லாம் நிறுத்தித் துடைக்கும் அந்த நாளில், ஸ்காடா புராஜெக்ட்டைத் திறந்து ஒவ்வொரு திரையிலும் பட்டனிலும் இருக்கும் ஸ்கிரிப்ட்டை வெளியே எடுத்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். தலைப்பில் எது, எதற்கு, எந்த ரிப்போர்ட்டைத் தருகிறது என்று தமிழிலேயே மூன்று வரி எழுதுங்கள். எதெல்லாம் வி.பி.ஸ்கிரிப்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஆன் எர்ரர்' வரி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பிழையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டுக்குப் போகிற எண் எதுவானாலும், புதிதாக வாங்குவதற்கு முன்னால் பழையதைக் காலி செய்யச் சொல்லுங்கள். புது ஆர்டர் போடும்போது, ஸ்கிரிப்ட்டின் மூலநிரல் ஆலைக்குச் சொந்தம், ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை என்று எழுதுங்கள். வின்சிசி யூனிஃபைடு ஏற்கெனவே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போய்விட்டது. மாறித்தான் ஆக வேண்டும், மாறும்போது பழைய வரிகளை யாராவது படித்துப் புரிந்துகொண்டுதான் புதிதாக எழுத முடியும். படிக்க அந்த வரிகள் கையில் இருக்க வேண்டும்.

என் கொட்டேஷன்களில் இதைத் தனி ஐட்டமாகவே போட்டு அனுப்புகிறேன்: ஸ்கிரிப்ட்டுகளை எடுத்தல், விளக்கக் குறிப்பு எழுதுதல், அச்சுப்பிரதியுடன் ஒப்படைத்தல், இரண்டு நாள் வேலை. போன வாரம்கூட ஒரு பர்ச்சேஸ் ஆபீஸர் கூப்பிட்டார். "சார், பேனல் ரேட் ஓகே. இந்த ஏழாவது ஐட்டம் என்ன சார்? எங்க ஸ்காடா நல்லாத்தான ஓடுது, அதை எடுத்துட்டு ரிவைஸ்டு கொட்டேஷன் அனுப்புங்க." எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் அந்த இரண்டு நாளுக்குக் காசு போடாமல் அனுப்புகிறேன், ஆனால் ஐட்டம் ஆர்டரில் இருக்க வேண்டும் என்றேன். எம்.டி.யைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அவர்கள் கன்ட்ரோல் ரூமுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஏற்கெனவே வந்து ஸ்டோரில் இருக்கிறது.